பிரேக் பேட் மாற்றியதும் பெடல் ‘மெத்து மெத்து’ என இறங்குகிறதா? மலை ஏறும் முன் இதைப் பாருங்க

வீட்டு வாசலிலேயே ஜாக்கி போட்டு, வீடியோ பார்த்து, பிரேக் பேட் மாற்றியாச்சு. கூலியும் மிச்சம். ஆனால் காரை எடுத்தால் பெடல் பஞ்சு மாதிரி அமுங்குகிறது. தேனியிலிருந்து கம்பம் வரை ஓட்டிப் பார்த்தால் வண்டி நிற்கத்தான் செய்கிறது. ‘ஓட்ட ஓட்ட சரியாகிடும்’ என்று விட்டுவிடுவது இந்த இடத்தில்தான்.

கம்பம் பள்ளத்தாக்கின் சாலை பெரும்பாலும் சமதளம். இங்கே பிரேக்கை எப்போதாவது சில நொடிகள் மிதிப்போம், அது உடனே ஆறிவிடும். லோயர் கேம்ப் தாண்டி குமுளிக்கு ஏறும்போதும் பிரச்சினை தெரியாது. திரும்பி இறங்கும்போதுதான் தெரியும். 17 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட போடிமெட்டுப் பாதையிலும் இதே கதைதான்.

ஏன் அமுங்குகிறது?

பிரேக் ஆயிலை அழுத்திச் சுருக்க முடியாது, காற்றைச் சுருக்கலாம். பைப்புக்குள் காற்றுக் குமிழ் இருந்தால் காலின் அழுத்தம் முதலில் அதைச் சுருக்குவதில்தான் வீணாகும். மீதி அழுத்தம்தான் சக்கரத்துக்குப் போகும்.

காலே சொல்லிவிடும்

புதிய பேட் போட, பிஸ்டனை உள்ளே தள்ளியிருப்போம். அதனால் முதல் சில மிதி ஒன்றுமே இல்லாத மாதிரி போவது இயல்பு. வண்டியை நகர்த்துவதற்கு முன்பே பெடல் இறுகும் வரை மிதித்துவிட வேண்டும். இதை மறந்துவிட்டு ரிவர்ஸ் எடுத்து, எதிர்வீட்டுச் சுவரில் போய் நிற்பவர்கள் உண்டு!

அடுத்தடுத்து மிதித்தால் இறுகி, சற்று விட்டு மிதித்தால் மறுபடி இறங்குகிறதா? பைப்பில் காற்று இருக்கலாம். அல்லது பின்சக்கர டிரம்மில் பிரேக் ஷூ இடைவெளி அதிகமாகியிருக்கலாம். பெரும்பாலான டிரம் பிரேக் கார்களில் ஹேண்ட் பிரேக்கும் அதே ஷூவைத்தான் இழுக்கும். எனவே அதைப் பாதி இழுத்துவிட்டு பெடலை மிதித்துப் பாருங்கள். நல்ல வித்தியாசம் தெரிந்தால் ஷூவை அட்ஜஸ்ட் செய்ய வேண்டியிருக்கும்.

ஒரே அழுத்தத்தில் பிடித்திருக்கும்போதே பெடல் மெல்ல மெல்லக் கீழே இறங்கினால் விஷயம் வேறு. எங்கோ ஆயில் கசிகிறது, இல்லையென்றால் மாஸ்டர் சிலிண்டரின் உள் சீல் போய்விட்டது. சக்கரத்தின் உட்புறம் ஈரமாக இருக்கிறதா என்று பாருங்கள். இந்த நிலையில் வண்டியை எடுக்கவே கூடாது.

இன்ஜினை ஸ்டார்ட் செய்யும்போது பெடல் கொஞ்சம் இறங்குவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பூஸ்டர் வேலை செய்கிறது, அவ்வளவுதான்.

ஏர் எடுக்கும்போது நடக்கும் தப்பு

“தம்பி, மிதிச்சுப் பிடி... விடாத... இப்ப விடு!” இந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். நிப்பிள் திறந்திருக்கும்போது தம்பி காலை எடுத்துவிட்டால் வெளியே போன காற்று திரும்ப உள்ளே வந்துவிடும். ஆயில் டப்பா காலியாக விட்டாலும் அப்படித்தான். பழைய கார் என்றால் பெடலை அடிவரை மிதிக்கக் கூடாது. மாஸ்டர் சிலிண்டருக்குள் அதுவரை தொடாத, துருவேறிய பகுதியில் சீல் உரசிக் கிழியலாம். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வைத்துக்கொள்வது நல்லது.

இடது, வலது காலிப்பர்களை மாற்றி மாட்டிவிடுவது இன்னொரு தவறு. அப்போது நிப்பிள் அடிப்பக்கம் வந்துவிடும். காற்று மேலே தங்கும். எத்தனை பாட்டில் ஆயில் ஊற்றினாலும் வெளியே வராது. ஏபிஎஸ் யூனிட்டுக்குள் காற்று புகுந்திருந்தால், பல மாடல்களில் ஸ்கேனர் இல்லாமல் எடுக்க முடியாது. அங்கே மெக்கானிக்கிடம் போவதுதான் புத்திசாலித்தனம்.

பழைய ஆயிலும் ஆபத்து

பேட் புதுசு, ஆயில் பல வருஷத்துப் பழசு என்றால், சமதளத்தில் கல் மாதிரி இருக்கும் பெடலும் மலையிறக்கத்தில் மெத்தென்று ஆகலாம். காரணம், பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தபட்சம் 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரவிதி; ஈரம் ஏறிய நிலையில் அந்த அளவு 155 மட்டுமே. தொடர்ந்து பிரேக் பிடித்து இறங்கும்போது ஆயில் கொதித்து ஆவியானால், அந்த ஆவியும் காற்றைப் போலவே சுருங்கும்.

வேலை முடிந்ததும் ஆள் இல்லாத மைதானத்தில், நடை வேகத்தில் நாலைந்து முறை நிறுத்திப் பாருங்கள். அங்கேயே பெடல் இறங்கினால், ஒர்க் ஷாப்புக்குக் கூட ஓட்டிப் போக வேண்டாம். மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள்.