சார்பா, வெறும் தொடர்பா?

ஒரு கல்லை வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் நேர்மேலே எறிவதாகக் கொள்வோம். புவியீர்ப்பு முடுக்கத்தை 10 என வைத்துக்கொண்டால், கல் 1 வினாடியில் 15 மீட்டர் உயரத்திலும், 2 வினாடியில் 20 மீட்டரிலும், 3 வினாடியில் இறங்கு முகமாக மீண்டும் 15 மீட்டரிலும் இருக்கும். எந்த நேரத்தைச் சொன்னாலும் உயரம் ஒன்றே ஒன்றுதான். இப்போது கேள்வியைத் திருப்பிப் போடுங்கள். கல் 15 மீட்டர் உயரத்தில் இருந்தது எப்போது? 1 வினாடியிலா, 3 வினாடியிலா? இரண்டும் சரியே!

உயரம் நேரத்தின் சார்பு ஆகும். நேரம் உயரத்தின் சார்பு அன்று. இரு கணங்களின் உறுப்புகளை எப்படிச் சோடி சேர்த்தாலும் அது ஒரு தொடர்பு. பாடநூல்கள் இதனை உறவு என்றும் கூறும். முதல் கணத்தின் ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரே ஒரு துணை அமைந்தால்தான் அது சார்பு. இதற்குச் சூத்திரம் எதுவும் தேவையில்லை என்பதை 1837-இல் தெளிவாக்கியவர் ஜெர்மானியக் கணித அறிஞர் டிரிக்லே.

வரைபடத்தில் இதைக் காண்பது எளிது. எந்தக் குத்துக்கோடும் வரைகோட்டை ஒரு புள்ளிக்கு மேல் வெட்டக்கூடாது. வட்டம் இச்சோதனையில் தோற்றுவிடும்.

மாணவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது வேறோர் இடத்தில். இரண்டு நேரங்களுக்கு ஒரே உயரம் வந்துவிட்டதே, இது எப்படிச் சார்பாகும் என்பார்கள். அதற்குத் தடையில்லை. ஆனால் திரும்பி வரும் வழி அடைபட்டுப் போகும். தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள். 1 கிலோகிராம் தண்ணீரின் பருமன் 0 டிகிரி செல்சியஸில் சுமார் 1000.16 கன சென்டிமீட்டர். 4 டிகிரியில் 1000.03 ஆகச் சுருங்கி, 8 டிகிரியில் 1000.15 ஆக மீண்டும் விரிகிறது. தண்ணீரை ஊற்றி ஒரு வெப்பமானி செய்தால் (கண்ணாடி விரிவதை ஒதுக்கிவிடுவோம்) 0 டிகிரியும் 8 டிகிரியும் ஏறக்குறைய ஒரே கோட்டில் நிற்கும். குளிரில் அதை நம்பி யாரும் வெப்பநிலையைச் சொல்ல முடியாது. பாதரசத்தில் இந்தக் குழப்பம் இல்லை. சூடேற ஏற அது விரிந்துகொண்டே போகும்.

ஆயினும், சார்பாக இல்லாத தொடர்பு பயனற்றது என்று எண்ணிவிட வேண்டாம். இரும்பின்மீது சுற்றிய கம்பிச் சுருளில் மின்னோட்டத்தைக் கூட்டிக்கொண்டே போய்ப் பின்பு குறைத்தால், காந்தமாக்கம் போன வழியே திரும்புவதில்லை, பின்தங்குகிறது. இதுவே காந்தத் தயக்கம். மின்னோட்டம் சுழியாகும்போதும் சிறிது காந்தம் எஞ்சி நிற்கும். எந்தத் திசையில்? அது முன்பு எத்திசையில் மின்னோட்டம் பாய்ந்தது என்பதைப் பொறுத்தது. ஆகவே காந்தமாக்கம் மின்னோட்டத்தின் சார்பு மட்டும் அன்று. இரும்பின் பழைய வரலாறும் அதில் சேர்ந்துவிடுகிறது. ஒரே சுழிக்கு இரண்டு விடைகள்! 1950-களிலிருந்து 1970-கள் வரை கணிப்பொறிகளின் நினைவகத்தில் கோத்திருந்த சின்னஞ்சிறு ஃபெரைட் வளையங்கள், அந்த இரண்டு விடைகளில் ஒன்றை 0 என்றும் மற்றதை 1 என்றும் வைத்துக்கொண்டுதான் எண்களை நினைவில் வைத்திருந்தன.