வாங்கில் பிறந்த மாயபுரி

கனடாவிலும் ஐரோப்பாவிலும் குடியேறி வாழும் நம்மவர் குடும்பங்கள் விடுமுறைக் காலத்தில் அனுப்பிவைக்கும் படங்களில் ஒரு காட்சி அடிக்கடி தோன்றக் காண்கின்றோம். நீலக் கூரையும் கூர்நுனிக் கோபுரங்களும் கொண்ட ஒரு கோட்டை. அதன் முன்னே எலிக்காது பொருந்திய தொப்பியணிந்த பிள்ளைகள். அவர்கட்குப் பின்னே மகிழ்ச்சியும் களைப்பும் ஒருங்கே முகத்திற் படிந்த பெற்றோர். "டிஸ்னிலாந்து என்பது யாது? அங்கு செல்வதற்கு ஏன் பல மாதங்கள் முன்னரே திட்டமிடுகின்றனர்?" என்று மாணாக்கர் நம்மை வினவுவதுண்டு. பிள்ளைகள் விளையாடுவதற்கென எழுந்த ஓரிடம், பெற்றோர் கணக்கேடு விரித்துப் புறப்படவேண்டிய பெருவணிகமாக வளர்ந்த வரலாறு அறியத்தக்கது. அதிற் குடும்பங்கள் சிந்திக்கவேண்டிய செய்தி ஒன்றும் உண்டு.

தந்தை கண்ட குறை

மிக்கி எலி என்னும் கேலிச்சித்திரப் பாத்திரத்தால் உலகப் புகழ் எய்திய வால்ற் டிஸ்னி 1901 ஆம் ஆண்டு சிக்காகோ நகரிற் பிறந்தவர். அவருக்குப் புதல்வியர் இருவர். வார இறுதியில் அவர்களை லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின் கிரிபித் பூங்காவுக்கு அழைத்துச் செல்வது அவர் வழக்கம். பிள்ளைகள் மரக்குதிரை இராட்டினத்திற் சுற்றி மகிழ்வர். தந்தையார் அருகிலுள்ள வாங்கொன்றில் அமர்ந்து வேடிக்கை பார்ப்பார். பிள்ளைகளுக்கு விளையாட்டு உண்டு, பெற்றோருக்கோ காத்திருத்தல் ஒன்றே உண்டு என்னும் உண்மை அங்கு அவர் உள்ளத்திற் பட்டது. பெற்றோரும் பிள்ளைகளும் ஒருங்கே கூடி மகிழ்வதற்கு ஓரிடம் வேண்டும் என்று அவர் எண்ணலானார்.

களியாட்டப் பூங்கா என்பது அவர் கண்டுபிடித்ததன்று. டென்மார்க் நாட்டின் கொப்பன்ஹேகன் நகரில் ரிவோலித் தோட்டம் 1843 ஆம் ஆண்டிலேயே திறக்கப்பட்டது. 1893 இல் சிக்காகோவில் நிகழ்ந்த உலகப் பொருட்காட்சியில், பெரிஸ் என்னும் பொறியியலாளர் 264 அடி உயரமான சுழற்சக்கரத்தை நிறுவி உலகை வியப்பித்தார். அப்பொருட்காட்சியின் கட்டட வேலையில் தச்சராக உழைத்தவர்களுள் வால்ற் டிஸ்னியின் தந்தையாரும் ஒருவர். ஆயினும், 20 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்கக் களியாட்ட இடங்கள் பல அழுக்கும் ஏமாற்றும் மலிந்து, குடும்பத்தோடு செல்லத் தகாதனவாய்த் தாழ்ந்திருந்தன. 1951 இல் ரிவோலித் தோட்டத்தைக் கண்ட டிஸ்னி, அதன் தூய்மையும் ஒழுங்கும் தமது எண்ணத்திற்குச் சான்றாதலை உணர்ந்தார்.

ஓராண்டில் எழுந்த நகரம்

எண்ணம் நன்று; பணத்துக்கு வழி என்ன? அவருடைய தமையனார் றோய் டிஸ்னி நிறுவனத்தின் பணப்பொறுப்பாளர். அவர் முதலில் தயங்கினார். வால்ற் டிஸ்னி தமது ஆயுட் காப்புறுதியின் மீது கடன் பெற்றார். பின்னர், அந்நாளில் வளர்ந்து வந்த தொலைக்காட்சியின் துணையை நாடினார். வாரந்தோறும் ஒரு நிகழ்ச்சி அளிப்பதற்கு ஈடாக ஏ.பி.சி. நிறுவனம் 5 இலட்சம் டொலர் முதலிட்டதோடு, 45 இலட்சம் டொலர்க் கடனுக்குப் பிணையும் நின்றது. பூங்கா திறக்கப்படுமுன்னரே அமெரிக்கப் பிள்ளைகள் அதன் பெயரை அறிந்திருந்தமைக்கு அந்நிகழ்ச்சியே காரணம்.

இடத்தைத் தெரிவு செய்ததும் மனம்போன போக்கிலன்று. ஸ்ரான்போட் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த ஹரிசன் பிரைஸ் என்பார், மக்கட்டொகை பெருகும் திசையையும் புதிய நெடுஞ்சாலை செல்லும் வழியையும் ஆராய்ந்து, அனாஹைம் என்னும் ஊரிலுள்ள தோடந்தோப்புகளைச் சுட்டிக் காட்டினார். அங்கு 160 ஏக்கர் நிலம் வாங்கப்பட்டது. 1954 யூலையில் வேலை தொடங்கிற்று. 1955 யூலை 17 ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, பூங்கா திறக்கப்பட்டது. செலவு 1 கோடி 70 இலட்சம் டொலர்.

திறப்புநாள் சிறப்பாக அமையவில்லை. போலிச் சீட்டுகளுடன் பலர் நுழைந்தமையால், எதிர்பார்த்ததிலும் ஏறத்தாழ இருமடங்கு மக்கள் திரண்டனர். கடும் வெயிலில், புதிதாய் இட்ட தார் இளகிப் பெண்களின் உயர்குதிப் பாதணிகள் புதையுண்டன. குழாய்த் தொழிலாளரின் வேலைநிறுத்தத்தால், குடிநீர்க் குழாய்களா கழிப்பிடங்களா எனத் தெரியவேண்டிய நிலை வந்தபோது, கழிப்பிடங்களையே டிஸ்னி தெரிந்தார். பத்திரிகைகள் எள்ளி நகையாடின. எனினும், ஏழு வாரங்களுக்குள் பத்து இலட்சமாவது விருந்தினர் வாயிலைக் கடந்தார். 1959 இல் அமெரிக்கா சென்ற சோவியத் தலைவர் குருஷ்சேவ், பாதுகாப்பைக் காரணங்காட்டி டிஸ்னிலாந்துப் பயணத்தை மறுத்தமைக்காகப் பலரறியச் சினந்தார் என்றால், அவ்விடத்தின் கவர்ச்சியை உய்த்துணரலாம்.

அக்கவர்ச்சிக்குக் காரணம் அமைப்பின் நுட்பமே. சுற்றிலும் மண்ணணை எழுப்பி வெளியுலகம் கண்ணிற் படாதவாறு மறைத்தனர். முதன்மைத் தெருவின் கட்டடங்களில் மேன்மாடி கீழ்த்தளத்திலும் சிறியது. அதனால் உண்மை உயரத்திலும் மிக்க உயரம் தோன்றும். 77 அடி உயரமே கொண்ட கோட்டை, தெருவின் கோடியில் நின்று மக்களைத் தன்பால் ஈர்க்கும். திரைப்படத்தில் ஒரு காட்சியின்பின் மறுகாட்சி வருவதுபோல், இங்கு நடப்பவரின் கண்முன் காட்சிகள் மாறுகின்றன.

மதிலுக்கு வெளியே ஓடிய பணம்

டிஸ்னியிடம் விடுதி கட்டப் பணம் எஞ்சவில்லை. ஆகவே, தொலைக்காட்சித் தயாரிப்பாளரான ஜக் ராதர் என்பார் டிஸ்னிலாந்து ஹோட்டலைத் தமது பொறுப்பிற் கட்டி, 1955 அக்டோபரில் திறந்தார். விரைவில் பூங்காவைச் சூழ்ந்து தங்குமிடங்களும் உணவுச்சாலைகளும் முளைத்தன. உள்ளே மக்களை மகிழ்விப்பவர் ஒருவர். அவர்கள் உறங்கவும் உண்ணவும் கொடுக்கும் பணத்தைப் பெறுபவர் வேறொருவர். மாயபுரியை அடுத்து ஒழுங்கற்ற விளம்பரப் பலகைகள் எழுந்தமையும் டிஸ்னியை வருத்திற்று. தம் பெயர் தாங்கிய அந்த ஹோட்டல் அவருடைய நிறுவனத்தின் உடைமையானது 1988 இலேயே.

இப்பாடத்தை மறவாதவராய், அடுத்த முயற்சிக்கு அவர் புளோரிடாவைத் தெரிந்தார். வெவ்வேறு பெயர்கொண்ட சிறு நிறுவனங்கள் மூலம் மறைவாக 27,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலம், ஏக்கர் ஒன்று சராசரி 200 டொலருக்கும் குறைந்த விலையில் வாங்கப்பட்டது. கொழும்பு மாநகரின் பரப்பைப் போல் அது ஏறத்தாழ மூன்று மடங்கு. 1965 இல் செய்தி வெளிப்பட்டது. 1966 டிசம்பரில் வால்ற் டிஸ்னி காலமானார். முதலில் தயங்கிய தமையனாரே ஓய்வு பெறுவதை ஒத்திவைத்து அப்பணியை முடித்து, தம்பியின் முழுப்பெயரை அதற்குச் சூட்டி, 1971 அக்டோபர் 1 ஆம் திகதி திறந்துவைத்தார். அவ்வாண்டு டிசம்பரில் அவரும் மறைந்தார்.

அங்கு பூங்காவோடு விடுதிகளும் உடன்பிறந்தன. அவற்றுளொன்றில், உருக்குச் சட்டத்தினுள்ளே முன்கூட்டிச் செய்த அறைகளைப் பாரந்தூக்கியாற் செருகினர். ஒற்றைத் தண்டவாள வண்டி அக்கட்டடத்தின் ஊடே செல்கின்றது. விருந்தினர் உறங்குமிடமும் உண்ணுமிடமும் ஊருமிடமும் ஒரே நிறுவனத்தின் எல்லைக்குள் அடங்கின.

இம்முறை எங்கும் வெற்றி தருமென்று எண்ணியமை தவறாயிற்று. 1992 இல் பாரிஸ் நகருக்கு அண்மையில் திறக்கப்பட்ட பூங்காவுடன் ஏறத்தாழ 5,200 விடுதி அறைகளும் அமைந்தன. பாரிஸிலிருந்து நேரே புகையிரதம் இருக்க, ஒரு பகலிற் பார்த்து முடிக்கக்கூடிய இடத்தில் பல இரவுகள் தங்குவார் யார்? கடன்சுமை பெருகி, 1994 இல் அதனை மறுசீரமைக்க நேர்ந்தது. பிரெஞ்சு மக்கள் உணவோடு அருந்தும் திராட்சை மதுவைத் தொடக்கத்தில் மறுத்திருந்த நிறுவனம், மறு ஆண்டிலேயே அவ்விதியைத் தளர்த்திற்று. அயலூர் வழக்கத்தை அறியாது அங்கு கடை விரித்தவர் கற்ற பாடம் இது.

வரிசையின் கணக்கு

இனி, மாணாக்கர் தாமே செய்து பார்க்கத்தக்க ஒரு கணக்கைக் கூறுவோம். ஓடமொன்றில் 20 பேர் ஏறலாம். 30 விநாடிக்கு ஓர் ஓடம் புறப்படும் எனக் கொள்வோம். மணித்தியாலத்துக்கு 120 ஓடங்கள், 2,400 பேர். முன்னே 1,200 பேர் நின்றால், நாம் அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். இனி, தனிக் கட்டணம் செலுத்தியோருக்கென ஒவ்வோர் ஓடத்திலும் பாதி இடத்தை ஒதுக்குவோம். பொது வரிசைக்கு மணித்தியாலத்துக்கு 1,200 இடங்களே எஞ்சும். அதே 1,200 பேருக்குப் பின்னே நிற்பவர் இப்போது ஒரு மணி நேரம் காத்திருப்பார். பணம் கொடுத்தவர் சேமித்த நேரம் வானிலிருந்து வந்ததன்று. பொது வரிசையில் நிற்பவரிடமிருந்து வந்தது.

1999 இல் டிஸ்னிப் பூங்காக்களில் தொடங்கிய முற்பதிவு முறை கட்டணமற்றதாய் இருந்தது. செல்வரும் எளியரும் அதனை ஒருங்கே பயன்படுத்தினர். 2021 இல் அமெரிக்கப் பூங்காக்களில் அது நீங்கி, கட்டணம் பெறும் "மின்னல் வழி" அதன் இடத்தைப் பிடித்தது.

நுழைவுக் கட்டணத்தையும் நோக்குவோம். 1955 இல் பெரியோருக்கு 1 டொலர். சிறுவருக்கு 50 சதம். உள்ளே ஒவ்வொரு விளையாட்டுக்கும் 10 முதல் 35 சதம் வரை வேறாகக் கொடுக்க வேண்டும். தாய், தந்தை, பிள்ளைகள் இருவர், ஒவ்வொருவரும் 35 சத விளையாட்டுகள் பத்து என்று தாராளமாகக் கணக்கிட்டாலும் மொத்தம் 17 டொலர். விலைவாசி உயர்வைச் சேர்த்துப் பார்த்தால், அது 2024 இன் ஏறத்தாழ 200 டொலருக்குச் சமன். 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட விலைப்படி, டிஸ்னிலாந்தில் ஒருநாட் சீட்டு, நாளின் நெரிசலுக்கேற்ப 104 டொலர் முதல் 206 டொலர் வரை. பத்து வயது நிரம்பிய பிள்ளைகளுக்கும் பெரியோர் கட்டணமே. நால்வருக்கு 416 முதல் 824 டொலர் வரை ஆகும். விமானமும் விடுதியும் உணவும் இதிற் சேரவில்லை.

நிறுவனத்தார் தரும் விடையும் உண்டு. இடம் வரையறை உடையது. விரும்புவோர் தொகையோ மிகப் பெரிது. விலை குறைந்தால் நெரிசல் மிகும் என்பர். அதில் உண்மை இல்லாமலில்லை. நெரிசலற்ற நாளுக்குக் குறைந்த விலை வைப்பது நியாயமே. ஆனால், பள்ளி விடுமுறையில் மட்டும் செல்லக்கூடிய குடும்பம் எந்நாளைத் தெரிவு செய்யும்? ஆசிரியரும் தொழிலாளரும் பிள்ளைகளை அழைத்துச் செல்லக்கூடிய நாள்களே விலை மிகுந்த நாள்கள் என்பதை நாம் மறத்தலாகாது.

செல்வோர்க்குச் சில சொற்கள்

இவ்வளவும் அறிந்த பின்னும், பிள்ளைகளின் விருப்பத்தை நிறைவேற்றப் புறப்படும் உறவினரை நாம் தடுப்பதற்கில்லை. அவர்கள் பொருட்டுச் சில கூறுவோம்.

வாயில் திறக்குமுன்னரே சென்று நிற்க. முதல் இரண்டு மணி நேரத்திற் காண்பதைப் பிற்பகலிற் காண நாலு மணி நேரம் செல்லக்கூடும். உயர வரம்புடைய விளையாட்டுகள் பல உண்டு. பிள்ளைகளின் உயரத்தை வீட்டிலேயே அளந்து, எவற்றில் ஏறலாமென முன்னரே சொல்லிவைத்தால், வரிசையின் முடிவிற் கண்ணீர் சிந்த நேராது. கைக்குழந்தை உள்ளோர் ஒருவர் மாறி ஒருவர் ஏறுவதற்கு வசதி உண்டு, பணியாளரைக் கேட்டறிக. டிஸ்னிலாந்தில் வீட்டு உணவைக் கொண்டுசெல்லத் தடையில்லை. சைவ உணவினர்க்கு இது பெரும் வசதி. நண்பகல் வெயிலில் இரண்டு மணி நேரம் சிறுவரை உறங்கவிடுதல், மாலை முழுவதையும் காப்பாற்றும். எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டுமென்னும் அவாவை வீட்டிலேயே விட்டுச் செல்க. பிள்ளை ஒவ்வொன்றும் தனக்கு மிக விருப்பமான இரண்டைத் தெரிவு செய்யட்டும். எஞ்சியவை கிட்டினால் நன்று.

கிரிபித் பூங்காவின் அந்தப் பழைய வாங்குகளுள் ஒன்று டிஸ்னிலாந்தின் முதன்மைத் தெருவிற் காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கின்றது. கோட்டையை நோக்கி விரைவோருட் பலர் அதனைக் காணாமலே கடந்து செல்வர். பிள்ளைகள் விளையாட, தான் மட்டும் தனித்திருக்க விரும்பாத ஒரு தந்தையின் எண்ணத்திலிருந்தே இவ்வளவும் தோன்றின. இன்று அவ்வரிசைகளில் நிற்கும் தந்தையர் கைத்தொலைபேசியைக் குனிந்து நோக்கி, அடுத்த விளையாட்டின் நேரத்தையும் விலையையும் கணக்கிட்டுக் கொண்டிருப்பின், அவர்கள் மீண்டும் அந்த வாங்கிலேயே அமர்ந்திருப்பவராவர். அரை மணி நேர வரிசையிற் கைத்தொலைபேசியைப் பையில் வைத்துவிட்டு, பிள்ளைக்கு ஒரு கதை சொல்லும் தந்தையோ, நுழைவுச் சீட்டு எதுவும் தரமுடியாத ஒன்றைத் தம் பிள்ளைக்குக் கொடுத்தவராவர். அதற்குப் புளோரிடாவுக்குத்தான் போகவேண்டுமென்பதில்லை. நம்மூர்ப் பூங்காவின் ஊஞ்சலடியிலும் அது கைகூடும்.