பீதியிலிருந்து வீட்டுக்கு

தெருவில் மீட்ட நாயைக் குடும்பத்தில் ஒன்றாக்குவது இரக்கத்தோடு முடிந்துவிடும் காரியமல்ல.

கன்னடத்தில் வீதிக்குப் பெயர் பீதி. தெரு நாய் என்றால் ‘பீதி நாயி’. தமிழர்கள் நிறைந்த பெங்களூர் ஒக்கலிபுரத்தில் இந்தச் சொல்லைக் கேட்கும் தமிழ்க் காதுக்கு இன்னொரு அர்த்தமும் சேர்ந்தே ஒலிக்கும். அதுவும் பொருத்தம்தான். இரவு ஷிப்ட் முடிந்து திரும்புகிறவர், தெரு முனையில் நான்கைந்து நாய்கள் எழுந்து நிற்பதைக் கண்டால் வண்டியின் வேகத்தைக் கூட்டுகிறார். அதே கூட்டத்தில் ஒன்று ஆட்டோவில் அடிபட்டு வாசற்படியில் வந்து சுருண்டுகொண்டால் உள்ளேயிருந்து பால் கிண்ணம் வருகிறது. பழைய சாக்கு வருகிறது. மறுநாள் ஒரு பெயரும் வந்துவிடுகிறது.

மீட்கப்பட்ட நாய்க்கும் குடும்பத்துக்கும் இடையிலான பந்தம் பெரும்பாலும் இப்படித்தான், திட்டமில்லாமல் தொடங்குகிறது. யாரும் விலை பேசி வாங்கவில்லை. நாய்தான் வீட்டைத் தேர்ந்தெடுத்தது என்றுகூடச் சொல்லலாம்.

சோறு போட்ட நன்றிக்காகவே நாய் நம்மைச் சுற்றுகிறது என்பது பொதுவான நம்பிக்கை. கொல்கத்தாவில் உள்ள இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த விஞ்ஞானிகள் இதைத் தெரு நாய்களிடமே சோதித்துப் பார்த்தார்கள். முன்பின் தெரியாத ஒருவர் சில நாய்களுக்குக் கூடுதல் உணவு கொடுத்தார். வேறு சிலவற்றைத் தடவிக் கொடுத்தார். பலமுறை பழகிய பின், தடவப்பட்ட நாய்களே அவரை அதிகம் நம்பின. 2017-ல் இந்த முடிவுகள் வெளியாயின.

இதே ஆய்வுக் குழு 2016-ல் வெளியிட்ட இன்னொரு கணக்கு மனதைச் சங்கடப்படுத்தக்கூடியது. அவர்கள் கவனித்த 364 தெருக் குட்டிகளில் இனப்பெருக்க வயதை எட்டியவை 19 சதவீதம்தான். இறப்புகளில் 63 சதவீதத்துக்கு ஏதோ ஒரு வகையில் மனிதர்களே காரணம். இரண்டு முடிவுகளையும் சேர்த்துப் படித்தால் விசித்திரமான உண்மை ஒன்று தெரிகிறது. எந்தக் கையால் அதிகம் சாகிறதோ, அந்தக் கையின் தடவலைத்தான் நாய் தேடுகிறது.

இதற்குச் சென்னையைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். 2016 ஜூலையில் ஒரு மருத்துவ மாணவர் மொட்டை மாடியிலிருந்து நாயொன்றைத் தூக்கி எறிவதும், இன்னொருவர் அதைப் படம் பிடித்ததும் நாடெங்கும் பரவியது. இறந்திருக்கும் என்றே எல்லோரும் நினைத்தார்கள். விலங்கு ஆர்வலர்கள் தேடிப் போனபோது எலும்பு முறிவோடு உயிருடன் இருந்தது. அந்த நிலையிலும் மனிதர்களைக் கண்டு வாலாட்டியதாக அப்போது செய்திகள் வந்தன. பத்ரா என்று பெயர் சூட்டப்பட்ட அந்தப் பெண் நாய்க்குச் சென்னையிலேயே ஒரு வீடு கிடைத்தது. 1960-ம் வருட மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி முதல் குற்றத்துக்கு அதிகபட்ச அபராதம் 50 ரூபாய். மருத்துவப் பல்கலைக்கழகம்தான் அந்த மாணவர்கள் தலைக்கு 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்றது.

ஆனால் வீடு கிடைத்த கணத்தோடு கதை முடிவதில்லை. தெருவிலிருந்து வந்த நாய் முதல் நாட்களில் நன்றி காட்டாது. கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொள்ளும். கூட்டுவதற்காகத் துடைப்பத்தை எடுத்தாலே நடுங்கும். தட்டின் அருகே குழந்தை போனால் உறுமும். தீபாவளி இரவில் குளியலறையைவிட்டு வெளியே வராது. ஒண்டுக்குடித்தனமாக இருந்தால் பக்கத்து வீட்டாரின் முணுமுணுப்பு வேறு. வெறிநாய்க்கடித் தடுப்பூசி, கருத்தடை, மாநகராட்சி உரிமம் எல்லாம் குடும்பத்தின் பொறுப்பு. பத்துப் பன்னிரண்டு வருடங்கள் தொடரும் பொறுப்பு அது. பாதியில் மனம் மாறித் திரும்பத் தெருவில் விட்டால், அந்த நாய்க்கு மனிதர்களும் இல்லை, பழைய கூட்டமும் இல்லை.

பயப்படுகிறவர்களைக் குறை சொல்வதும் நியாயமில்லை. 2007-ன் தொடக்கத்தில் பெங்களூரில் இரண்டு குழந்தைகள் தெரு நாய்களால் குதறப்பட்டு இறந்தார்கள். கோபம் கொந்தளித்தது, நாய்கள் கும்பல் கும்பலாகப் பிடிக்கப்பட்டன. மறுபக்கம், கிறிஸ்டல் ராஜர்ஸ் என்ற ஆங்கிலேய மூதாட்டி 1991-ல் இதே நகரில் தொடங்கிய ‘கூபா’ போன்ற அமைப்புகள் மீட்பையும் கருத்தடையையும் தொடர்ந்து செய்துவந்தன. காதில் சிறு வெட்டோடு திரியும் நாய், அறுவை முடிந்த நாய். மாநகராட்சியின் கணக்கெடுப்பில் 2019-ல் 3.10 லட்சமாக இருந்த தெரு நாய்கள் 2023-ல் 2.79 லட்சமாகக் குறைந்திருந்தன.

இவ்வளவையும் எந்தக் காப்பகம் தாங்கும்? இந்தக் கேள்வி ஒக்கலிபுரத்துக்கு மிகவும் பக்கத்தில் வந்து நிற்கிறது. பள்ளிகள், மருத்துவமனைகள், பஸ் நிலையங்கள், ரயில் நிலையங்கள் ஆகியவற்றிலிருந்து நாய்களை அகற்றிக் காப்பகத்தில் வைக்க வேண்டும், பிடித்த இடத்திலேயே திரும்ப விடக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2025 நவம்பர் 7-ல் உத்தரவிட்டது. சிட்டி ஸ்டேஷன் என்றே இன்னமும் அழைக்கப்படும் சங்கொள்ளி ராயண்ணா ரயில் நிலையமும் மெஜஸ்டிக் பஸ் நிலையமும் ஒக்கலிபுரத்துக்கு அடுத்த வீடு மாதிரி.

தெரு நாய்களைத் தத்தெடுக்க விரும்புகிறவர்கள் மாநகராட்சியிடம் விண்ணப்பிக்கலாம் என்று அதே நீதிமன்றம் 2025 ஆகஸ்ட் 22-ல் டெல்லி நாய்கள் பற்றிய உத்தரவில் சொல்லியிருந்தது. கூடவே ஒரு நிபந்தனை: அந்த நாய் மறுபடி தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்வது எடுத்தவரின் பொறுப்பு.

பால் கிண்ணத்தோடு வாசலுக்கு வரும் குடும்பங்கள் யோசிக்க வேண்டிய நிபந்தனை இது. கிண்ணத்தைத் திண்ணையில் வைப்பது ஒரு நாள் வேலை. கதவைத் திறந்து உள்ளே விட்டால் பன்னிரண்டு வருடம். அந்தக் கதவு திறந்தால்தான் பீதி நாயி வீட்டு நாய் ஆகும். தெருவுக்கும் கொஞ்சம் பீதி குறையும்.