கடன் வாங்கியவரைத் தேடி: அன்றும் இன்றும்

நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகள் வரிசையாக இருக்கும். எரிவாயு டேங்கர் லாரிகளுக்கும் அதுவே தலைமையிடம். திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகள். சங்ககிரியில் எந்தப் பக்கம் திரும்பினாலும் லாரித் தொழில். இந்த வட்டாரத்தில் வண்டி வாங்குபவர் பெரும்பாலும் கடனில்தான் வாங்குகிறார். தவணையை ஒழுங்காகக் கட்டுகிறவரின் வீட்டை யாரும் தேடுவதில்லை. தவணை நின்று, போனும் எடுக்காமல், அனுப்பிய தபாலும் திரும்பி வந்தால்தான் அந்தக் கோப்பு எங்களைப் போன்ற சிறு விசாரணை நிறுவனங்களின் மேசைக்கு வரும். நிதி நிறுவனத்தார் அதை ‘ஸ்கிப் கேஸ்’ என்பார்கள். ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும், வண்டியைக் கண்டுபிடிக்க வேண்டும், கடன் வாங்கும்போது கொடுத்த காகிதங்கள் உண்மையா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். தொழில் இவ்வளவுதான்.

ஒரு தலைமுறைக்குள் இந்தத் தொழிலின் கருவிகள் அத்தனையும் மாறிவிட்டன. நாங்கள் பதில் தேடும் கேள்வி மாறவில்லை. பணம் கட்டாத இந்த மனிதர் கட்ட முடியாதவரா, கட்ட மனமில்லாதவரா?

விலாசம்

அன்று கோப்பில் இருப்பவை கொஞ்சம்தான்: விண்ணப்பத்தின் நகல், ரேஷன் கார்டு ஜெராக்ஸ், ஜாமீன் கையெழுத்துப் போட்டவரின் பெயர், திரும்பி வந்த பதிவுத் தபால் உறை. அந்த உறைமேல் தபால்காரர் எழுதிய குறிப்பே முதல் தடயம். ‘வாங்க மறுத்தார்’ என்றிருந்தால் ஆள் ஊரில்தான் இருக்கிறார். ‘வீடு காலி செய்து போய்விட்டார்’ என்றிருந்தால் வேலை நீளும்.

விலாசத்துக்கு இவ்வளவு மதிப்பு ஏன் என்றால், சட்டம் நாள் கணக்கு வைத்திருக்கிறது. காசோலை திரும்பினால், வங்கியிலிருந்து தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். புரோநோட்டுக்கு மூன்று வருடம் கடந்துவிட்டால் வழக்குப் போட வழியில்லை. கடன் கொடுத்தவர் வழக்குக்குப் போவதும், கடன் வாங்கியவர் தன் பக்கத்தைச் சொல்ல வாய்ப்புப் பெறுவதும் சரியான விலாசத்தை நம்பித்தான் இருக்கின்றன.

ஊருக்குள் போனால் டீக்கடை, ரேஷன் கடை, முடிதிருத்தும் கடை, பள்ளிக்கூடம். அனுபவசாலிகள் கடன் என்ற சொல்லை வெளியாரிடம் எடுக்கவே மாட்டார்கள். “ஏனுங்க, ரிக் வண்டி வெச்சிருக்கறவங்க வீடு எதுங்க?” என்று ஒரு கேள்வி, அதற்குமேல் காது கொடுப்பதுதான் வேலை. பிள்ளைகளுக்கு டி.சி. வாங்கிக்கொண்டு போயிருந்தால் எந்த ஊர்ப் பள்ளியில் சேர்த்தார்கள் என்று பேச்சில் வந்துவிடும். வேறு மாநிலத்துக்குப் போய்விட்டவரும் குலதெய்வக் கோயில் நோம்பிக்கு ஊர் திரும்புவார் என்பது எல்லோருக்கும் தெரியும். அதுவரை பொறுத்திருப்பார்கள்.

இன்று நாற்காலியை விட்டு எழாமலே பாதித் தேடல் முடிகிறது. 2000-இல் சிபில் என்ற கடன் தகவல் நிறுவனம் தொடங்கப்பட்டது. 2005-இல் கடன் தகவல் நிறுவனங்களுக்கென்று தனிச் சட்டம் வந்தது. ஒருவர் ஒவ்வொரு நிறுவனத்திலும் கொடுத்த விலாசங்கள் ஒரே அறிக்கையில் வரிசையாக நிற்கின்றன. கடன் கொடுத்த நிறுவனம் அதிலிருந்து எங்களுக்கு வேண்டியதைத் தருகிறது. வாக்காளர் பட்டியல் இணையத்தில் இருக்கிறது. நீதிமன்ற வழக்குகளைப் பெயர் போட்டுத் தேடலாம். ஜி.எஸ்.டி. எண் இருந்தால் வியாபாரம் நடக்கும் இடம் தெரிந்துவிடும்.

இவை எல்லாம் அவர் எப்போதோ கொடுத்த விலாசங்கள். ஆதாரில் இருப்பது அப்பா வீடு. வாக்காளர் பட்டியலில் இருப்பது சொந்த ஊர். இன்று இரவு அவர் படுப்பது திருப்பூரில் ஒரு மாத வாடகை அறையாக இருக்கலாம். அந்த அறை எந்தப் பட்டியலிலும் ஏறுவதில்லை; பக்கத்து அறைக்காரருக்குத்தான் தெரியும்.

இணையத்தோடு ஒரு இருட்டுச் சந்தையும் வளர்ந்தது. ஒருவர் யாரோடெல்லாம் பேசினார் என்ற போன் பதிவுகள் திருட்டுத்தனமாக விலைக்குக் கிடைத்தன. 2018-இல் மகாராஷ்டிரத்தின் தானே காவல்துறை இதற்காகத் தனியார் துப்பறிவாளர்கள் பலரைக் கைது செய்தது. அந்தப் பதிவுகளைக் கேட்டு வாங்கும் அதிகாரம் சட்டம் குறித்த அரசு அமைப்புகளுக்கு மட்டுமே உண்டு. அவற்றை விலைக்கு வாங்கி ஆள் பிடிப்பவர் விசாரணை செய்யவில்லை, குற்றம் செய்கிறார்.

வண்டி

வீட்டைவிட வண்டியைத் தேடுவது கடினம். ரிக் வண்டி ஒன்று ஆந்திரத்தில் துளை போட்டுவிட்டு அடுத்த மாதம் மத்தியப் பிரதேசத்தில் நிற்கும். அன்று அதைத் தேடியவர்களுக்குத் துணை சோதனைச் சாவடிகளும் லாரி புக்கிங் ஆபீசுகளும் மெக்கானிக்குகளும்தான். வணிகவரிச் சாவடியில் ஒவ்வொரு வண்டியும் நின்றாக வேண்டும்; அங்கே காத்திருந்தால் ஒருநாள் வரும். வண்டி கிடைத்ததும் நம்பர் பிளேட்டை யாரும் நம்பமாட்டார்கள். சேஸிஸ் எண்மேல் வெள்ளைத்தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படி எடுத்து, கோப்பில் இருக்கும் படியோடு ஒப்பிடுவார்கள். எண் வெட்டப்பட்டு மறுபடி அடிக்கப்பட்டிருந்தால் அந்தத் தாளே காட்டிக்கொடுத்துவிடும்.

2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததும் வணிகவரிச் சாவடிகள் எடுக்கப்பட்டன. 2021 பிப்ரவரியில் சுங்கச் சாவடிகளில் ஃபாஸ்டேக் கட்டாயமாயிற்று. இன்று வண்டி எந்தச் சாலையில் எப்போது போனது என்பதெல்லாம் எங்கோ பதிவாகிக்கொண்டே இருக்கிறது. ஆனால் அந்தப் பதிவு எங்கள் கைக்கு வரக்கூடியதல்ல, வரவும் கூடாது. எங்களுக்குக் கிடைப்பவை, நிதி நிறுவனம் வண்டியில் பொருத்திய ஜி.பி.எஸ்.ஸும், யாரும் பார்க்கக்கூடிய வாகனப் பதிவு விவரமும். வண்டி எண்ணைப் போட்டால் காப்பீடும் எஃப்.சி. என்ற தகுதிச் சான்றும் முடியும் நாள் தெரியும். தவணை நின்ற பிறகும் காப்பீடு புதுப்பிக்கப்பட்டிருந்தால் வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது, யாரோ சம்பாதிக்கிறார்கள். ஜி.பி.எஸ். கருவியைக் கழற்றி எறிந்துவிட்டால், இன்றும் பழைய வழியில் பட்டறை பட்டறையாகத்தான் நடக்க வேண்டும். இன்ஜினைக் கழற்றி ஒருவருக்கும் கேபினை இன்னொருவருக்கும் விற்றுவிட்டதைக் கண்ணால் பார்த்தவர்தான் சொல்ல முடியும்.

காகிதம்

மோசடியும் காலத்தோடு உருமாறியிருக்கிறது. அன்று பெரிய மோசடிகளில் ஒன்று, ஒரே சொத்தை இரண்டு இடத்தில் அடமானம் வைப்பது. சொத்துப் பத்திரத்தை வங்கியில் ஒப்படைத்து வாங்கும் கடன் பதிவு செய்யப்படாமல் இருந்தால் வில்லங்கச் சான்றில் வராது. பத்திரத்தின் சான்றிட்ட நகலையோ அசலைப் போலவே இருக்கும் கலர் ஜெராக்ஸையோ வைத்து அடுத்த வங்கியிலும் கடன் வாங்கிவிடுவார்கள். இதை அடைக்கத்தான் 2011 மார்ச் 31-இல் செர்சாய் என்ற மத்தியப் பதிவகம் வந்தது. வண்டிகளில், கடன் தீர்ந்துவிட்டதாகக் காட்டும் படிவம் 35-இல் நிதி நிறுவனத்தின் முத்திரையைப் போலியாகக் குத்தி, ஆர்.சி. புத்தகத்தில் கடன் பதிவை நீக்கி வண்டியை விற்பார்கள். விசாரிப்பவர் ஆர்.டி.ஓ. அலுவலகம் போய்ப் பேரேட்டைப் பார்த்து வருவார்.

இன்று முத்திரை செய்யும் கடைக்குப் போக வேண்டியதில்லை. சம்பளச் சீட்டையும் வங்கிக் கணக்கு விவரத்தையும் செல்போனிலேயே திருத்திவிடலாம். இதைவிடக் கொடுமை, ஒருவரின் ஆதார் நகலை வைத்து அவருக்கே தெரியாமல் கடன் வாங்குவது. மகளிர் குழுக் கடனுக்கென்று ஒரு பெண்ணிடம் இடைத்தரகர் வாங்கிய கைரேகை வேறொரு கடனுக்கும் போயிருக்கும். திரை அந்தப் பெண்ணைக் ‘கடன்தாரர்’ என்று காட்டும். வீட்டு வாசலில் நின்று பேசினால்தான் அவர் ஏமாற்றப்பட்டவர் என்பது தெரியும். மோசடி விசாரணையில் இதைவிட முக்கியமான கண்டுபிடிப்பு வேறில்லை: குற்றவாளி என்று கோப்பு சொல்லும் ஆள் குற்றவாளி இல்லை என்று எழுதுவது.

சட்டமும் இந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறது. ஒருவரின் கணக்கை மோசடிக் கணக்கு என்று வகைப்படுத்தும் முன் அவருடைய பதிலைக் கேட்க வேண்டும் என்று 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2024 ஜூலையில் ரிசர்வ் வங்கி அதை விதியாக்கி, பதில் சொல்லக் குறைந்தது 21 நாள் தர வேண்டும் என்றது. அந்த நோட்டீஸ் சரியான கைக்குப் போய்ச் சேருவதும் எங்கள் வேலையில் சேர்ந்ததுதான்.

வாசல்

அன்று எல்லாம் நன்றாக இருந்தது என்று நான் சொல்லமாட்டேன். அவமானம்தான் அன்றைய வசூல் ஆயுதம். திண்ணையில் வந்து உட்கார்ந்துகொள்வார்கள். கல்யாண வீட்டில் நாலு பேர் முன்னால் குரலை உயர்த்துவார்கள். விடியுமுன் வண்டியைத் தூக்கிக்கொண்டு போவார்கள். தேடிப் போனவருக்கும் மிரட்டப் போனவருக்கும் ஊர் வேறுபாடு பார்க்கவில்லை. பல நிறுவனங்களும் பார்க்கவில்லை.

1980-இல், கொச்சியிலிருந்து வந்த ஒரு வங்கி வழக்கில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தெளிவாக எழுதினார்: கட்ட வழியில்லாதவரை, கட்டவில்லை என்ற ஒரே காரணத்துக்காகச் சிறையில் அடைக்கக் கூடாது, வசதி இருந்தும் கெட்ட எண்ணத்தோடு கட்ட மறுத்தாரா என்று பார்க்க வேண்டும். முடியாதவர், மனமில்லாதவர் என்று நாங்கள் பிரித்துக் கேட்கும் கேள்விக்கு நாட்டின் உயர்ந்த நீதிமன்றமே கொடுத்த எடை அது. 2007-இல் அடியாட்களை வைத்து வண்டி பறிப்பதை உச்ச நீதிமன்றம் கண்டித்தது. 2008-இல் ரிசர்வ் வங்கி, வசூல் முகவர்கள் அங்கீகாரக் கடிதத்தோடு போக வேண்டும், 100 மணி நேரப் பயிற்சி பெற வேண்டும் என்றது. 2022 ஆகஸ்டில் காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் கடன்தாரரை அழைக்கக் கூடாது, குடும்பத்தையும் நண்பர்களையும் தொந்தரவு செய்யக் கூடாது என்றது. 2025-இல் தமிழ்நாடும் வலுக்கட்டாய வசூலைத் தடுக்கத் தனிச் சட்டம் இயற்றியது.

அவமானப்படுத்தும் பழக்கம் அதற்குள் வேறு வழி கண்டுபிடித்திருந்தது. கடன் செயலிகள் செல்போனில் இருக்கும் எண்களை எல்லாம் அள்ளிக்கொண்டு அத்தைக்கும் மேலாளருக்கும் செய்தி அனுப்பின. தெருவில் நாலு பேர் பார்த்தது போய், நானூறு பேர் பார்க்கும்படி ஆயிற்று. 2022 செப்டம்பரில் வந்த ரிசர்வ் வங்கி விதி, செயலிகள் தொடர்பு எண்களையும் படங்களையும் தொடக் கூடாது என்றது. விதியை மதிக்காத செயலிகளால் மனமுடைந்த குடும்பங்களை இன்றும் வாசல்களில் பார்க்கிறோம்.

அறிக்கை

முன்பு முதலாளியே பைக்கில் போவார். ஒரு கோப்புக்கு இரண்டு மூன்று நாள் அலைந்து, தன் கையெழுத்தில் ஒரு பக்கம் எழுதித் தருவார். அதில் வீட்டின் நிலை, அடுப்பு எரிகிறதா, யார் படுத்த படுக்கை என்பதெல்லாம் இருக்கும். இன்று ஒரு பையனுக்கு ஒரு நாளைக்கு இத்தனை வீடு என்று இலக்கு. செயலியைத் திறந்து வாசலில் நின்று படம் எடுத்தால் இடமும் நேரமும் பதிவாகிவிடும். விசிட்டுக்கு இவ்வளவு என்று கூலி. போனதற்குச் சான்று உறுதியாகிவிட்டது, அது நல்லதே. ஆனால் பூட்டிய கதவின் படம் விசாரணை ஆகாது. கதவு ஏன் பூட்டியிருக்கிறது என்று எழுதும் நேரத்துக்கும் கூலி இருந்தால்தான் எழுதுவார்கள்.

விசாரணைக்குப் போகிறவரின் யோக்கியதையை உறுதிசெய்யும் சட்டமும் நம்மிடம் இல்லை. தனியார் துப்பறியும் நிறுவனங்களை ஒழுங்குபடுத்த 2007-இல் மாநிலங்களவையில் வந்த மசோதா சட்டமாகவில்லை. 2023-இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தவணை தவறியவரின் சொத்தையும் கடனையும் அறிவதற்கு ஒரு விலக்கு தருகிறது. அது நிதி விவரத்துக்கு மட்டுமான விலக்கு. அவருடைய குடும்பத்தைத் துருவ அனுமதி அல்ல.

ஆகவே இந்தத் தொழிலுக்கு உரிமம் வேண்டும், உரிமத்தோடு பொறுப்பும் வேண்டும். திருடிய தகவலில் எழுதிய அறிக்கையை எந்த நிறுவனமும் ஏற்கக் கூடாது. ஒவ்வொரு அறிக்கையிலும் கடன் வாங்கியவர் சொன்ன காரணம் அவர் வார்த்தையிலேயே இடம்பெற வேண்டும். வண்டி கவிழ்ந்து கால் போனவருக்குத் தவணையை மாற்றித் தரவும், வண்டியைப் பிரித்து விற்றவர்மேல் வழக்குப் போடவும் நிறுவனத்துக்கு அந்த ஒரு பத்தி போதும். அதை எழுத ஒருவர் நேரில் போக வேண்டும். அப்படிப் போகிறவருக்கு நிறுவனங்கள் உரிய கூலி கொடுக்கட்டும்.