நீல டியூப் இல்லாத பலகை

எண்ணெய் வண்ணத்தில் ஒரு மணி நேரத்துக்குள் ஒரு காட்சியைப் பிடிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பெரிய படம் இல்லை, நோட்டுப் புத்தக அளவு அட்டை போதும். 1821, 1822 ஆண்டுகளில் ஜான் கான்ஸ்டபிள் லண்டனை ஒட்டிய ஹாம்ப்ஸ்டெட்டில் மேகங்களை இப்படித்தான் வரைந்தார். பின்புறத்தில் தேதி, நேரம், காற்று வீசிய திசை எல்லாம் குறித்துவைத்தார். மேகம் யாருக்காகவும் நிற்பதில்லை. வண்ணம் கலப்பதிலேயே நேரம் போனால் வானம் மாறிவிடும்.

இந்த அவசரத்தை நினைத்துத்தான் புதிதாக வருகிற பலரும் நிறைய டியூப் வாங்குகிறார்கள். இலைக்கு ஒரு பச்சை, வானத்துக்கு ஒரு நீலம், தோலுக்கென்று தனியாக ஒன்று. கடைக்காரருக்கு நல்லதுதான். நமக்கோ ஒவ்வொரு தீற்றலுக்கும் எதை எடுப்பது என்ற யோசனை கூடுகிறது. போதாததற்கு, ஒவ்வொரு நிறமியும் வெளிச்சத்தில் ஒரு பங்கை விழுங்குகிறது. ஒன்றுக்கொன்று வெகுவாக வேறுபட்ட நிறமிகள் நாலைந்தைச் சேர்த்தால் மிஞ்சுவது பெரும்பாலும் சேற்று நிறம்.

சுவீடன் ஓவியர் ஆண்டர்ஸ் சோர்ன் பெயரால் அழைக்கப்படும் வண்ணப் பலகையில் (பேலட்) நான்கே வண்ணங்கள்: வெள்ளை, எல்லோ ஆக்கர் என்ற காவி மஞ்சள், வெர்மிலியன் சிவப்பு, ஐவரி பிளாக். நீலம் இல்லை. (அவர் எப்போதும் இந்த நான்கோடு நின்றவர் அல்ல. படம் கேட்டபோது மற்ற வண்ணங்களையும் எடுத்தார்.) ஐவரி பிளாக்கில் வெள்ளை சேர்த்தால் குளிர்ந்த சாம்பல் நிறம் வரும். அதைக் காவியும் சிவப்பும் கலந்த தோல் நிறத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், நீலமாகத் தெரியும். அதே கறுப்பில் காவி மஞ்சளைச் சேர்த்தால் மங்கிய பச்சை கிடைக்கும்.

சாம்பல் எப்படி நீலமாகத் தெரிகிறது? பாரிஸில் கோபெலின் திரைச்சீலை நெசவாலையின் சாயப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த வேதியியலாளர் செவ்ரல், கறுப்பு நூல் மங்கலாகத் தெரிகிறது என்ற புகாரை விசாரித்தார். சாயத்தில் குறையில்லை. கறுப்பை ஒட்டி நெய்த நீலமும் ஊதாவும்தான் அதை அப்படிக் காட்டின. 1839இல் இதைப் பெரிய புத்தகமாகவே எழுதினார். ஒரு நிறம் எப்படித் தெரியும் என்பதில் பக்கத்து நிறத்துக்கும் பங்கு உண்டு. ஆகவே பலகையில் பார்த்து ‘சரியான நீலம்’ தேடுவது வீண். கலந்ததில் ஒரு சொட்டைப் படத்தில், அண்டை நிறத்துக்குப் பக்கத்தில் வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

அப்படியானால் முதலில் எதைச் சரிபார்ப்பது? வெளிச்சமா, நிழலா என்பதை. கண்ணைப் பாதி மூடிக்கொண்டு காட்சியைப் பார்த்தால் விவரங்கள் கரைந்து இருட்டு, நடுத்தரம், வெளிச்சம் என்று மூன்று திட்டுகள் மிஞ்சும். அந்த மூன்றுக்கும் பேலட் கத்தியால் மூன்று குவியல்கள் முன்பே கலந்துவிடலாம். இந்த வெளிச்ச அளவு சரியாக அமைந்தால் நிறம் சற்று விலகினாலும் படம் நிற்கும். அளவு தவறினால் எத்தனை நல்ல நிறமும் உதவாது.

கலக்கும்போது வெளிறிய வண்ணத்தில் அடர்ந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ப்போம். குழம்புக்கு உப்புப் போடுகிற மாதிரிதான்: குறைந்தால் சேர்க்கலாம், கூடினால் எடுக்க முடியாது. கறுப்பில் வெள்ளையைக் கொட்டத் தொடங்கினால் பாதி டியூப் போன பிறகும் இருட்டாகவே இருக்கும். இன்னொன்று, வெள்ளை ஒரு நிறத்தை வெளிற வைப்பதோடு குளிரவும் வைக்கும். வெயில் பட்ட இடம் சுண்ணாம்பு அடித்தது போல ஆகாமலிருக்கத் துளி மஞ்சளோ சிவப்போ கூடவே போக வேண்டும்.

ஒரே மூச்சில் வரைவதால் படத்தில் அடிவண்ணம் ஈரமாகவே இருக்கும். ஓரிரு தீற்றலோடு கையை எடுத்து, தூரிகையைத் துணியில் துடைத்துவிடுங்கள். மேலும் தேய்த்தால் கீழே உள்ளது மேலே வந்து கலந்துவிடும்.

தொடங்க நினைப்பவர்கள் இந்த நான்கை மட்டும் வாங்குங்கள். வெர்மிலியனுக்குப் பதில் கேட்மியம் ரெட் போதும். வெள்ளையை மட்டும் பெரிய டியூபாக வாங்குங்கள், அதுதான் முதலில் தீரும்.