அளவு ஒன்று, முகம் கோடி

அச்சரப்பாக்கத்தில் யாரை வேண்டுமானாலும் நிறுத்தி, கையில் ஒரு பென்சிலைக் கொடுத்து, மனித முகம் ஒன்று வரையச் சொல்லுங்கள். வட்டம் போட்டு முடித்ததும் இரண்டு கண்களையும் கொண்டுபோய் மேலே, நெற்றி இருக்கவேண்டிய இடத்தில் வைத்துவிடுவார்கள். படித்தவர், படிக்காதவர் என்ற பேதமே இதில் கிடையாது. உண்மையில் கண் இருப்பது தலையின் நட்டநடுவில். உச்சியிலிருந்து கண்ணுக்கு எவ்வளவு தூரமோ, ஏறக்குறைய அதே தூரம்தான் கண்ணிலிருந்து முகவாய்க்கும். கண்ணாடி முன் நின்று விரலால் அளந்து பார்த்தால்தான் பலருக்கு நம்பிக்கை வரும். நமக்கு முகம் என்றால் கண், மூக்கு, வாய். நெற்றியும் உச்சந்தலையும் பேசுவதில்லை, சிரிப்பதில்லை. அதனால் மனம் அவற்றைச் சுருக்கி ஓரமாக வைத்துவிடுகிறது.

தினமும் ஆட்களை வரைகிறவனுக்கு அந்தச் சலுகை கிடையாது. எனக்கு வாய்த்த பயிற்சிக்கூடம் எங்கள் ஊர் ரயில் நிலையம். செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய முதியவர்கள், கல்லூரிப் பிள்ளைகள், அடுத்த நிறுத்தமான மேல்மருவத்தூருக்குப் போகும் செவ்வாடைப் பக்தர்கள் என்று பெஞ்சு எப்போதும் நிறைந்திருக்கும். வண்டி தாமதமானால் அவர்களுக்குக் கோபம் வரும். எனக்கு ஒரு முகம் கூடுதலாகக் கிடைக்கும். புது ஸ்கெட்ச் புக்கின் முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போடாமல் நான் கோடு இழுப்பதில்லை. பிள்ளையாரை மறந்து திரிபுரம் எரிக்கக் கிளம்பிய ஈசனின் தேர் அச்சே முறிந்த ஊர் இது என்பது தலபுராணம். அவருக்கே அந்தக் கதி என்றால் 4பி பென்சிலும் ரப்பரும் வைத்திருப்பவன் எம்மாத்திரம்?

வரையத் தொடங்கியவுடன் முதலில் எதிர்ப்படுவது அளவு. உங்கள் உள்ளங்கையின் அடியை முகவாயில் வைத்து விரல்களை மேலே நீட்டுங்கள். நடுவிரல் நுனி தலைமுடி தொடங்கும் இடத்தைத் தொடும். முடி தொடங்கும் இடத்திலிருந்து புருவம், புருவத்திலிருந்து மூக்கின் அடி, அங்கிருந்து முகவாய் என்று முகம் மூன்று சம பங்காகப் பிரியும். இரண்டு கண்களுக்கு நடுவே இன்னொரு கண் வைக்க இடம் இருக்கும். கைகளை இருபுறமும் விரித்தால் அந்த நீளம் ஆளின் உயரத்தை ஒட்டியே வரும். இவற்றில் பலவற்றை ரோமாபுரியின் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே எழுதிவைத்தார். நம் சிற்ப நூல்களுக்கு இது அடிப்படைக் கணக்கு. முக நீளமே அவற்றுக்குத் தாலம் என்னும் அலகு. ஒரு தாலத்துக்குப் பன்னிரண்டு அங்குலம். இந்த அங்குலம் கடையில் வாங்கும் ஸ்கேலில் இருப்பதல்ல, அந்தச் சிலையின் உயரத்திலிருந்தே பிறப்பது. திருமாலுக்கும் சிவனுக்கும் உத்தம தசதாலம், அதாவது 124 அங்குலம். தேவியருக்கு 120. பிள்ளையாருக்கு ஐந்து தாலம். குழந்தைக்கும் குள்ளப் பூதங்களுக்கும் நான்கு. நூலுக்கு நூல் சிறு மாற்றம் உண்டு. 1957-இல் மாமல்லபுரத்தில் தொடங்கிய அரசினர் சிற்பக் கல்லூரியில் இந்தக் கணக்குகள் இன்றும் பாடம்.

குழந்தைக்கு நான்கு என்று வைத்தவர்களின் கண்ணை நினைத்தால் எனக்குக் கைகூப்பத் தோன்றும். பிறந்த குழந்தையின் தலை அதன் மொத்த நீளத்தில் கால்பங்கு என்று மருத்துவம் சொல்கிறது. வளர்ந்த மனிதனுக்கு அது ஏழில் ஒன்று, எட்டில் ஒன்று என்று இறங்கிவிடும். பெரிய ஆளைச் சின்னதாக வரைந்தால் குழந்தை வராது, குள்ளமான பெரியவர்தான் வருவார். ஐரோப்பாவின் பழைய தேவாலய ஓவியங்களில் மாதாவின் மடியிலிருக்கும் பாலன் பல இடங்களில் அப்படித்தான் கிழட்டுத்தனமாகத் தெரிகிறான்.

அளவு எல்லோருக்கும் ஒன்றாக இருந்தும் எப்படி ஒரு முகம் இன்னொன்றாக வருவதில்லை? வரைகிற ஒவ்வொருவரும் முட்டிக்கொள்ளும் இடம் இது. மூக்கடி ஒரு நூலளவு கீழே இறங்கினால் ஆள் மாறிவிடுகிறார். அண்ணனை வரைந்துகொண்டிருக்கும்போது தம்பி வந்து தாளில் உட்கார்ந்துவிடுகிறார். படைத்தவனிடம் இருப்பது ஒரே அச்சு என்றால் இத்தனை கோடி முகங்கள் எங்கிருந்து வந்தன?

அந்தப் பட்டறை கருப்பை. கரு உருவான நான்காவது வாரத்தில் முகம் என்று சொல்ல அங்கே எதுவும் கிடையாது. வாய் வரப்போகும் பள்ளத்தைச் சுற்றி ஐந்து சிறு மேடுகள் எழும்புகின்றன: மேலே நெற்றிப் பக்கம் ஒன்று, பக்கத்துக்கொன்றாக மேல்தாடைக்கு இரண்டு, கீழ்த்தாடைக்கு இரண்டு. கண்கள் அப்போது மீனுக்கு இருப்பதுபோல் பக்கவாட்டில் இருக்கும். காதுகள் கழுத்தோரம் தொடங்கும். அடுத்த நான்கு வாரங்களில் இவை எல்லாம் ஒன்றை ஒன்று தேடி நகர்கின்றன. கண்கள் முன்னுக்கு வருகின்றன, காதுகள் மேலேறுகின்றன, மேடுகள் நடுவில் சந்தித்து ஒட்டிக்கொள்கின்றன. மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவே ஒரு சின்னப் பள்ளம் இருக்கிறதே, அது அந்தச் சந்திப்பு நடந்த இடம். சட்டையைத் திருப்பிப் பார்த்தால் தெரியும் தையல் மாதிரி, நாம் இணைக்கப்பட்ட விதம் அங்கே தெரிகிறது. அந்த இணைப்பு முழுமை பெறாத பிள்ளைகள்தாம் உதட்டுப் பிளவோடு பிறக்கிறார்கள். இன்றைய அறுவை மருத்துவர்கள் மிச்ச வேலையை நேர்த்தியாக முடித்துத் தருகிறார்கள். எட்டாவது வாரத்தில் முகம் தயார். பல தாய்மார்களுக்குத் தாம் உண்டாகியிருப்பது அப்போதுதான் உறுதியாகியிருக்கும். இருட்டில், ஒரு நெல்மணியிலிருந்து சில நெல்மணிகள் வரையிலான அளவுக்குள், வெளிக்கோடு திருத்தாமல் நடக்கும் இந்த வேலையைப் படித்தபின் அந்தப் பள்ளத்தில் நிழல் போடும்போதெல்லாம் என் கை கொஞ்சம் மெதுவாகிறது.

தான் படைத்த முகத்தைப் படிக்கிற வித்தையையும் படைத்தவன் சேர்த்தே கொடுத்து அனுப்பியிருக்கிறான். பிறந்து சில நிமிடங்களே ஆன சிசுக்களுக்கு முகம் வரைந்த அட்டையையும், அதே கண், மூக்கு, வாயைக் கலைத்துப் போட்ட அட்டையையும் காட்டிப் பார்த்தார்கள். சரியான முகத்தையே அவை அதிகம் திரும்பிப் பின்தொடர்ந்தன. 1975-இல் வெளியான ஆய்வு அது. மூளையின் அடிப்பக்கத்தில், காதுக்குச் சற்றுப் பின்னால், முகங்களுக்கு மட்டும் விசேஷமாகக் கிளர்ந்தெழும் பகுதி ஒன்று இருப்பதை நான்சி கான்விஷர் குழுவினர் 1997-இல் காட்டினார்கள். அந்தப் பக்கம் அடிபட்டவர்களில் சிலருக்குக் கட்டிய மனைவியின் முகம்கூட அடையாளம் தெரியாமல் போகும். குரல் கேட்டால்தான் தெரியும். படத்தைத் தலைகீழாகத் திருப்பினால் இந்த வித்தை தடுமாறும். ஓவியர்கள் அதைத் தமக்குச் சாதகமாக்கிக்கொண்டார்கள். வரைந்த முகத்தைத் தலைகீழாக்கிப் பார்த்தால் அது முகமாகத் தெரியாமல் கோடாகவும் நிழலாகவும் தெரியும், கோணல் எங்கே என்று பிடிபடும்.

கண்ணின் கூர்மையோ மிகச் சிறிய வட்டம். கையை நீட்டிக் கட்டைவிரலை உயர்த்தினால் அந்த நகம் மறைக்கும் அளவே தெளிவு, சுற்றியுள்ளதெல்லாம் மங்கல். விநாடிக்கு மூன்று தடவை தாவித் தாவிக் கண் பொறுக்கிவரும் துண்டுகளை மனம் கோத்து நமக்கு முழு முகமாகக் கொடுக்கிறது. அப்படிப் பார்த்தால் உலகில் எல்லோரும் ஓயாமல் உருவப்படம் வரைந்துகொண்டிருப்பவர்கள்தாம். தாளில் வரைகிறவன் அதையே நிதானமாகச் செய்கிறான்.

கையைப் பற்றி ஒரு வார்த்தை. உருவம் வரைகிறவர்கள் முகத்தைவிட அதிகம் அஞ்சுவது கையை. 27 எலும்புகள். ஆனால் விரல்களை மடக்கி நீட்டும் தசை எதுவும் விரலுக்குள் இல்லை. அந்தத் தசைகள் உள்ளங்கையிலும் முன்கையிலும் இருந்துகொண்டு நரம்புக்கயிறு போன்ற தசைநாண்களால் இழுக்கின்றன. முன்கையைப் பிடித்துக்கொண்டு விரல்களை அசைத்துப் பாருங்கள், உள்ளே வேலை நடப்பது தெரியும். இதனால்தான் விரல்கள் இவ்வளவு மெலிந்தும் இவ்வளவு வலுவாகவும் இருக்கின்றன.

இந்தக் கரையில் மனித உருவத்தை உற்றுப் பார்க்கும் பழக்கத்துக்கு ஆயிரத்து முந்நூறு வயதுக்கு மேல் ஆகிறது. மாமல்லபுரத்துக்கு வருகிறவர்கள் கடற்கரைக் கோயிலையும் ஐந்து ரதங்களையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். ஆதிவராகக் குகையில், தெய்வங்களுக்கு நடுவே, இரண்டு பல்லவ அரசர்கள் தங்கள் தேவியரோடு செதுக்கப்பட்டிருக்கிறார்கள். ஒருவர் இரு தேவியர் நிற்க நடுவில் அமர்ந்திருக்கிறார், மற்றவர் ஒரு தேவியின் கையைப் பற்றி அழைத்துப் போகிறார். மேலே சிம்மவிஷ்ணு என்றும் மகேந்திரன் என்றும் பெயர் வெட்டியிருக்கிறது. அந்தப் பெயரில் ஒரு பாட்டனும் பேரனும் உண்டு; இந்த மகேந்திரன் பாட்டனா பேரனா என்று அறிஞர்கள் வாதாடுகிறார்கள். பாட்டனாக இருந்தால் எனக்கு இன்னும் சந்தோஷம், ஏனென்றால் முதலாம் மகேந்திரவர்மனின் பட்டப்பெயர்களில் ஒன்று சித்திரகாரப்புலி. அரசன் ஓவியனாக இருந்த நாட்டில், இன்னாரின் உருவம் இது என்று பெயர் எழுதிக் கல்லில் வைத்தார்கள். தமிழ்நாட்டில் பெயரோடு நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய உருவச்சிலைகளில் இவை சேரும்.

ஆனால் முகம் பார்த்த கண் எது என்று தேடினால் நான் அர்ச்சுனன் தபசுக்குத்தான் போவேன். 90 அடிக்கும் மேல் நீளமான அந்தப் பாறையில் தேவர்கள் எல்லோரும் அளவு நூல் சொன்னபடி வழவழப்பாகப் பறக்கிறார்கள். ஒற்றைக் காலில் நிற்கும் தவசியிடம் மட்டும் உளி வேறு பேச்சுப் பேசுகிறது. விலா எலும்புகளை எண்ணலாம், வயிறு ஒட்டி உள்ளே போயிருக்கிறது. கீழே ஆற்றங்கரையில் ஒருவர் நனைந்த துணியை முறுக்கிப் பிழிகிறார். அந்த மணிக்கட்டின் திருகலை எந்த நூலும் சொல்லித்தராது. யாரோ ஒரு தச்சன் குளக்கரையில் உட்கார்ந்து, குளிக்க வந்தவர்களைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறான். தவசியைப் பார்த்துக் காலைத் தூக்கி நிற்கும் பூனையைச் செதுக்கியவனுக்குக் குறும்பும் இருந்திருக்கிறது. பக்திக்கு அது இடைஞ்சலாக அவனுக்குத் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

சென்னை ஓவியப் பள்ளியை 1850-இல் தொடங்கிய அலெக்சாண்டர் ஹண்டர் ஒரு அறுவை மருத்துவர். உடலை அறுத்துத் தெரிந்துகொண்டவரும் உடலை வரைந்து தெரிந்துகொள்பவர்களும் ஒரே வாசலில் சந்தித்தது பொருத்தமே. அங்கே படித்தவர்தான் சில்பி. ஆனந்த விகடனில் ‘தென்னாட்டுச் செல்வங்கள்’ தொடருக்காகக் கோயில் கோயிலாகப் போய், சிலையின் எதிரே மணிக்கணக்கில் உட்கார்ந்து வரைந்தார். அவர் கோட்டில் கல் சதையாகிறது. முழங்காலின் மடிப்பில்கூடச் சூடு தெரியும்.

அதே பள்ளியில் பின்னாளில் படித்த கே. எம். ஆதிமூலம் வேறு வழியில் போனார். 1938-இல் திருச்சி மாவட்டத்துக் கீராம்பூரில் பிறந்தவர். காந்தி நூற்றாண்டான 1969-ஐ ஒட்டி அவர் காந்தியை மட்டும் நூறு கோட்டோவியங்களாக வரைந்தார். ஒரே மனிதர், பெரும்பாலும் கறுப்புக் கோடு. நாடு முழுக்க நாணயம்போல் பழகித் தேய்ந்துபோன முகம். அதில் நூறு தடவை பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்கத் தோன்றும். ஆதிமூலத்தின் கோடு நடுங்கி, பின்னி, சில இடங்களில் அறுந்து போகிறது. அறுந்த இடத்தை நம் கண் நிரப்பிக்கொள்கிறது. ஒரு படத்தில் அவர் பிடிவாதக்காரர், இன்னொன்றில் தனித்துப்போன கிழவர். நூறு வரைந்தும் மனிதர் தீரவில்லை. கரிசல் காட்டு மனிதர்களை கி. ராஜநாராயணனின் எழுத்துக்கு அவர் வரைந்தபோதும் இதே கோடுதான், ஆனால் ஒவ்வொரு ஆளும் தனி ஆள்.

முகம் தீராமல் இருப்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. உடலின் மற்ற தசைகள் பெரும்பாலும் எலும்பை அசைக்கப் பிறந்தவை. முகத்தின் தசைகள் தோலோடு ஒட்டியிருந்து தோலையே இழுப்பவை. பக்கத்துக்கு ஏறத்தாழ இருபது. பிரெஞ்சு மருத்துவர் துஷேன் மெல்லிய மின்சாரத்தால் அவற்றை ஒவ்வொன்றாகத் தூண்டிப் பார்த்து 1862-இல் ஒரு நூல் வெளியிட்டார். வாயோரத் தசை நாம் சொன்னபடி கேட்கும், கண்ணைச் சுற்றியுள்ள தசை உள்ளபடியே மகிழ்ந்தால்தான் அசையும் என்றார். பெஞ்சில் இருப்பவர் தன்னை வரைகிறார்கள் என்று தெரிந்ததும் போடும் சிரிப்பு வாயோடு நின்றுவிடும். பேரப்பிள்ளை ஓடிவந்து மடியில் விழும்போது கண்ணோரம் சுருங்கும். அதற்காகத்தான் காத்திருக்க வேண்டும்.

வேலையை முடித்துவிட்டுக் கைகழுவும் பழக்கமும் படைத்தவனிடம் இல்லை. வயது ஏற ஏறக் கன்னம் இறங்குகிறது, மூக்கு நுனி தாழ்கிறது. காது நீள்கிறது: இங்கிலாந்தில் மருத்துவர்கள் இருநூறு பேருக்கு மேல் அளந்து, ஆண்டுக்குச் சராசரி 0.22 மில்லிமீட்டர் என்று 1995-இல் எழுதினார்கள். ஐம்பது வருஷத்தில் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல்.

இதை நான் சொல்லிப் பார்த்தது எழுபது தாண்டிய ஓர் ஆயாவிடம். படத்தைக் கையில் வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர், “ஏம்ப்பா, எனக்கு இவ்ளோ பெரிய காதா?” என்றார்.

“சின்ன வயசுல சின்னதாத்தான் இருந்திருக்கும் ஆயா. வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமா வளருமாம்.”

கம்மல் துளையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். “அப்போ இது பழசாயிடுமே. அடுத்த தைக்கு வந்து வேற ஒண்ணு போட்டுக் குடு.”