குண்டின் ரகசியம் காகிதத்தில் இல்லை

அணுகுண்டு என்றதும் ஐன்ஸ்டைனின் சமன்பாடு, இரும்புப் பெட்டியில் பூட்டிய வரைபடம், அதைத் திருட வரும் உளவாளி என்றே பலருக்கும் மனம் ஓடும். சினிமாவும் அப்படித்தான் பழக்கியிருக்கிறது. டீயை ஊற்றிக்கொண்டு உட்காருங்கள். நிஜக் கதை வேறு மாதிரி.

அடிப்படை ரகசியம் போருக்கு முன்பே ஊரறிந்த சேதி. 1938 டிசம்பரில் பெர்லினில் ஓட்டோ ஹானும் ஃபிரிட்ஸ் ஷ்ட்ராஸ்மானும் யுரேனியத்தை நியூட்ரான்களால் தாக்கியபோது, அதில் பேரியம் தென்பட்டது. அணுக்கரு இரண்டாகப் பிளந்திருக்கிறது என்று விளக்கியவர்கள், நாஜிகளிடமிருந்து தப்பி ஸ்வீடனுக்குப் போயிருந்த லிசே மைட்னரும் அவருடைய சகோதரி மகன் ஓட்டோ ஃபிரிஷும். 1939-இன் தொடக்கத்தில் இதெல்லாம் அறிவியல் இதழ்களில் அச்சாகிவிட்டது. பிளவில் புதிய நியூட்ரான்கள் வெளிவரும், அவை மற்ற அணுக்களைப் பிளக்கும், அது சங்கிலியாகத் தொடரும் என்பதை ஜெர்மனி, பிரிட்டன், சோவியத் யூனியன், ஜப்பான் என எல்லா நாட்டு இயற்பியலாளர்களும் படித்தார்கள்.

அப்படியானால் 1940-லேயே ஏன் யாரும் குண்டு செய்யவில்லை? செய்வதற்குப் பொருள் இல்லை.

மண்ணிலிருந்து எடுக்கும் யுரேனியத்தில் இரண்டு வகை கலந்திருக்கிறது. ஆயிரம் அணுக்களில் சுமார் ஏழு மட்டுமே யுரேனியம்-235. மிச்சமெல்லாம் யுரேனியம்-238, அதைக் கொண்டு குண்டுக்கு வேண்டிய சங்கிலியைத் தொடர முடியாது. ஆயிரம் நெல்மணிகளை முறத்தில் போட்டு, நிறத்திலும் அளவிலும் அச்சு அசலாக ஒத்திருக்கும் ஏழு மணிகளை மட்டும் பிரிக்கச் சொன்னால் எப்படி இருக்கும்? எடையில் மட்டும் அந்த ஏழும் நூற்றில் ஒரு பங்கு குறைவு. வழக்கமான வேதியியல் முறைகள் இங்கே பலிக்காது. அந்த இம்மி எடை வித்தியாசத்தை வைத்தே புடைத்துப் புடைத்துப் பிரிக்க வேண்டும்.

1940-இல் பர்மிங்ஹாமில் ஃபிரிஷும் ருடால்ஃப் பையர்ல்ஸும் கணக்குப் போட்டு, சுத்தமான 235 கிடைத்தால் டன் கணக்கில் வேண்டாம், கிலோ கணக்கே போதும் என்று காட்டினார்கள். அதன் பிறகுதான் அரசுகள் நிமிர்ந்து உட்கார்ந்தன. 1942-இல் தொடங்கிய அமெரிக்காவின் மன்ஹாட்டன் திட்டத்துக்கு ஆன செலவு ஏறக்குறைய 200 கோடி டாலர். ஓப்பன்ஹைமரும் அவருடைய மேதைகளும் குண்டை வடிவமைத்த லாஸ் அலமோஸ் ஆய்வகத்துக்குப் போனது அதில் நூற்றுக்கு நான்கு அளவுதான். பெரும்பங்கை விழுங்கியவை டென்னசியின் ஓக் ரிட்ஜும் வாஷிங்டன் மாநிலத்தின் ஹான்ஃபோர்டும். இரண்டும் பொருள் தயாரிக்கும் ஆலைகள்.

ஓக் ரிட்ஜில் ராட்சத மின்காந்தங்களைக் கொண்டு 235-ஐப் பிரித்தார்கள். போர்க்காலத்தில் செம்புக்குத் தட்டுப்பாடு. எனவே காந்தச் சுருள்களுக்காக அமெரிக்கக் கருவூலத்திலிருந்து 13,000 டன்னுக்கு மேல் வெள்ளியைக் கடன் வாங்கினார்கள். முள்மானிகளைக் கண்காணித்துக் குமிழ்களைத் திருகியவர்களில் பலர் பள்ளிப் படிப்பை முடித்த இளம்பெண்கள். தாங்கள் தயாரிப்பது என்ன என்பது ஹிரோஷிமா செய்தி வந்த பிறகே அவர்களுக்குத் தெரிந்தது.

ஹான்ஃபோர்டில் வேறு வழி. அணு உலைக்குள் யுரேனியம்-238 ஒரு நியூட்ரானை விழுங்கினால், சில நாட்களில் புளூட்டோனியமாக மாறும். இது தனித் தனிமம் என்பதால் வேதியியல் முறையில் பிரித்துவிடலாம். ஆனால் 1944-இல் ஒரு சிக்கல் முளைத்தது. உலையில் உருவாகும் புளூட்டோனியத்தில் 240 என்ற வகையும் சேர்ந்து வருகிறது. அது தானாகவே பிளந்து நியூட்ரான்களை உமிழ்கிறது. இரண்டு துண்டுகளைத் துப்பாக்கிபோல ஒன்றன்மேல் ஒன்று மோதவிடும் எளிய முறை யுரேனியத்துக்குச் சரிப்படும். புளூட்டோனியத்துக்கு அந்த வேகம் போதாது. முழுதாக வெடிக்கும் முன்பே பிசுபிசுத்துப்போகும். அதனால் சுற்றிலும் வெடிமருந்து வைத்து, உலோக உருண்டையை எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் உள்நோக்கி நசுக்கும் முறைக்குத் தாவினார்கள்.

1945 ஜூலை 16-இல் நியூ மெக்சிகோ பாலைவனத்தில் நடந்த 'டிரினிட்டி' சோதனை இந்தப் புளூட்டோனியக் குண்டுக்குத்தான். யுரேனியக் குண்டைச் சோதிக்கவே இல்லை. வடிவம் எளிது என்பது ஒரு காரணம். சோதனைக்குச் செலவழிக்க இன்னொரு குண்டு அளவுக்குப் பொருள் கையில் இல்லை என்பது மறு காரணம்.

ஆகஸ்ட் 6 அன்று ஹிரோஷிமாவில் வெடித்த குண்டில் இருந்த யுரேனியம் சுமார் 64 கிலோ. அதில் உண்மையில் பிளந்தது ஒரு கிலோகூட இல்லை. அந்த ஆண்டு முடிவதற்குள் இறந்தவர்கள் ஏறத்தாழ 1,40,000 பேர். ஆகஸ்ட் 9 அன்று நாகசாகியில் வெடித்த குண்டில் இருந்தது சுமார் ஆறு கிலோ புளூட்டோனியம். அங்கே ஏறத்தாழ 70,000 பேர். தப்பியவர்களைக் கதிர்வீச்சு பின்னாலேயே துரத்தியது. சில ஆண்டுகளில் ரத்தப் புற்றுநோய் கூடியது. ஹிபாகுஷா எனப்படும் இவர்கள் 1956-இல் தொடங்கிய நிஹான் ஹிடாங்க்யோ அமைப்புக்கு 2024-இல்தான் அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது.

நாகசாகிக்கு மூன்றே நாள் கழித்து, திட்டத்தின் பொதுவான அறிவியலை விளக்கும் ஸ்மைத் அறிக்கையை அமெரிக்க அரசே வெளியிட்டது. 1949 ஆகஸ்டில் சோவியத் யூனியன் தன் முதல் குண்டைச் சோதித்தது. மன்ஹாட்டன் திட்டத்திலிருந்து உளவாளி கிளாஸ் ஃபுக்ஸ் கடத்திய தகவல்கள் அதற்கு உதவின என்பது உண்மை. ஆனால் அங்கேயும் யுரேனியத்தைத் தேடி எடுத்து, உலை கட்டி, புளூட்டோனியத்தைப் பிரிக்கும்வரை காத்திருக்கத்தான் வேண்டியிருந்தது. 1974-இல் இந்தியா பொக்ரானில் அணுச் சோதனை நடத்தியபோதும் புளூட்டோனியம் வந்தது டிராம்பேயின் சைரஸ் உலையிலிருந்து. அதைக் கண்டு திடுக்கிட்ட நாடுகள் சேர்ந்து அமைத்த அணு எரிபொருள் வழங்கும் நாடுகள் குழு முக்கியமாகக் கட்டுப்படுத்துவதும் பொருளையும் கருவிகளையும்தான். தென்னாப்பிரிக்கா ரகசியமாக ஆறு யுரேனியக் குண்டுகள் செய்து, பிறகு தானே கழற்றிப்போட்டது. அது உண்மைதானா என்று பார்க்கப் போன சர்வதேச ஆய்வாளர்கள் முக்கியமாகச் சரிபார்த்தது, செறிவூட்டிய, அதாவது 235-இன் பங்கைக் கூட்டிய, யுரேனியத்தின் கணக்கு ஒத்துப்போகிறதா என்பதை.

ஈரானின் அணுத் திட்ட விவகாரத்தில் செறிவூட்டல் சதவீதத்தைப் பற்றி இவ்வளவு சண்டை ஏன் என்பதும் இந்த நெல் கணக்கில் விளங்கும். ஆயிரத்தில் ஏழு நமக்கு வேண்டியவை. மின் உலைக்குத் தேவையான 4 சதவீதத்துக்கு வர, வேண்டாதவற்றில் 825-ஐ நீக்கி, மொத்தத்தை 175-ஆகக் குறைக்க வேண்டும். 60 சதவீதத்துக்கு அதையே 12-ஆகக் குறைக்க வேண்டும். ஆயுதத் தரமான 90 சதவீதத்துக்கு எட்டாக்கினால் போதும். அதாவது இன்னும் நான்கே நான்கு மணிகள். கேட்கும்போது 60-க்கும் 90-க்கும் வெகுதூரம் போலத் தெரியும். வேலையோ 4 சதவீதத்திலேயே பெரும்பாலும் முடிந்துவிடுகிறது.

அறிவைத் திரும்பப் பூட்டிவைக்க யாராலும் முடியாது. அது 1939-லேயே வெளியே வந்துவிட்டது. பொருளை மட்டும் இன்றும் தராசில் நிறுத்து எண்ண முடிகிறது. ஆய்வாளர்களை ஆலைக்குள் விடுவதா வேண்டாமா என்ற பேச்சுவார்த்தை சலிப்பூட்டும் செய்தியாகத் தெரியலாம். உலகத்தின் கையில் மிச்சமிருக்கும் பிடி அது ஒன்றுதான்.